சர்ச் பதிவேட்டில் நான் வாசித்த பெயர்

எழுபதுகளின் நடுவில், மூணாறு மலையில், மாட்டுப்பட்டி அணைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் வயல், தென்னந்தோப்பு எல்லாம் இருந்தும், படித்த படிப்புக்கு மண்வெட்டி பிடிப்பதா என்று வீம்பு பிடித்து, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பஸ் மாறி மலையேறி வந்தவன். படிப்பு என்றால் பெரிய படிப்பெல்லாம் இல்லை. பி.யூ.சி., அதோடு டைப்ரைட்டிங். ஆனால் இங்கிலீஷ் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன். இதில் வருகிற யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். பெயரை எழுதி நான் ஒரு தடவை செய்தது போதும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சீமையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், மூன்று நாள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவரோடு சர்ச்சுக்குப் போய்ப் பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கொடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த இரண்டு பேண்ட்டில் நல்லதை எடுத்து, வீட்டுக்காரியிடம் கொடுத்து இஸ்திரிப் பெட்டி போடச் சொன்னேன்.

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அமைதியான மனுஷி. முரட்டு பூட்ஸ், ஒரு குடை, ஒரு தோள்பை, அவ்வளவுதான் அவருடைய ஆடம்பரம். அவருடைய அப்பாவின் சித்தப்பா இந்த மலையில் எங்கள் எஸ்டேட்டிலேயே துரையாக இருந்தாராம். கல்யாணம் ஆகாமலேயே காய்ச்சலில் செத்துப்போனாராம். தன் குடும்பப் பெயர் எங்கே தொடங்கி எங்கெல்லாம் போனது என்று பதினொரு வருடமாக அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேஜைமேல் விரித்தார். துணி ஒட்டிய காகிதம். ஒரு மேஜை போதாமல் இன்னொரு மேஜையை இழுத்துப் போட வேண்டியிருந்தது. அவருடைய கிராமத்துச் சர்ச் பதிவேட்டில் முந்நூறு வருடத்துப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் இருக்கிறதாம். அதிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, கோடு இழுத்து, கிளை பிரித்து எழுதியிருந்தார்.

எங்கள் பக்கம் கூட்டம் என்று ஒரு குலப்பிரிவு உண்டு. எந்தக் கூட்டம் என்று தெரியாமல் பெண் கொடுக்கமாட்டோம். ஆனால் என் அப்பாவின் தாத்தாவுக்கு அப்பா யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முந்நூறு வருடத்தை ஒரு காகிதத்தில் பார்த்ததும் எனக்கு மலைப்பாக இருந்தது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று நினைத்தேன். அவன் எழுதிவைத்தது தப்பாக இருக்காது என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அந்தச் சித்தப்பாவின் கிளை மட்டும் சுருளின் ஓரத்தில் ஒரு புள்ளியோடு நின்றது. அந்த அம்மா அந்தப் புள்ளிமேல் விரலை வைத்து, இதற்கு அப்புறம் யாராவது இருந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது என்றார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அண்ணன் உலக யுத்தத்தில் செத்துப்போனார். இவரோடு அந்தப் பெயர் முடிந்துவிடும். எப்படியாவது இவருக்கு ஒருவரையாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். இல்லாததைத் தேடுகிறவனைவிட, கண்டுபிடித்தே தீருவது என்று தேடுகிறவன் ஆபத்தானவன் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

பதிவேடுகள் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தன. பாதிரியார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ராமபாணப் பூச்சி அரித்த தடித்தடியான புத்தகங்கள். முன்பக்கமெல்லாம் துரைமார், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள். பின்பக்கத்தில் எங்கள் சனங்கள். அந்தக் காலத்தில் இந்த மலையில் சர்க்கார் பிறப்புப் பதிவு எல்லாம் ஒழுங்காகக் கிடையாது. அதனால் சர்ச் குமாஸ்தா, வேதக்காரர், இந்து என்று பார்க்காமல் கூலிக்காரர்களின் பிறப்பையும் சாவையும்கூடப் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், குடும்பப் பெயர், இருப்பிடம், தொழில் என்று அச்சடித்த கட்டங்கள்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆனால் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதனால் அந்தக் குமாஸ்தா, தோட்டத்தில் வேலை செய்கிறவன் எந்தக் கங்காணியின் ஆளோ, அந்தக் கங்காணியின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டார். ஒரே கங்காணி பெயரில் நாற்பது, ஐம்பது குடும்பம். அந்த அம்மா இதைப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாம் ஒரே பெரிய வம்சமா என்று கேட்டார். நான் சிரித்தேன். ஐயோ இல்லை அம்மா, இது கங்காணி பெயர், ஆளை அடையாளம் காட்ட எழுதுவது, இன்றைக்கும் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி செக்ரோல் எழுதும்போது நானே கங்காணி பெயரைப் போட்டுத்தான் கீழே ஆட்களை எழுதுகிறேன் என்று விளக்கினேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, உங்களைப் போல விவரம் தெரிந்தவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றார். நான் அன்று வீட்டுக்கு நடந்து வந்ததாகவே ஞாபகம் இல்லை, மிதந்துதான் வந்திருப்பேன்.

முதல் நாளே துரையின் அடக்கப் பதிவு கிடைத்தது. சர்ச்சுக்குப் பின்னால் பெரணிச் செடிகளை விலக்கிக் கல்லறையையும் கண்டுபிடித்தோம். இரண்டாம் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பின்பக்கத்துப் பிறப்புப் பதிவு ஒன்றில், குடும்பப் பெயர்க் கட்டத்தில், அந்த அம்மா தேடி வந்த பெயர் இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ஆண் பிள்ளை. பெற்றோர் கட்டத்தில் தாய் பெயர் மட்டும், தமிழ்ப் பெயர். தகப்பன் பெயர் இல்லை. இருப்பிடம் பங்களா. தொழில் ஆயா. துரை உயிரோடு இருந்த காலம்தான்.

பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தார். எங்கள் ஃபாக்டரி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். அவருடைய சர்வீஸ் கார்டை எழுதினவனே நான்தான். தாய் பெயர் என்ன என்று நான் கேட்டபோது, எங்கம்மை பெரிய பங்களாவுல ஆயாவா இருந்தவ என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதத்தில் ரிட்டயர் ஆக வேண்டியவர். எனக்கு உடனே அவருடைய நிறம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெளுத்த நிறம், கண்ணும் கொஞ்சம் பூனைக்கண் மாதிரி. நாலு வருடமாகத் தினமும் பார்த்த மனிதர், அதற்கு முன் ஒரு நாளும் அவர் நிறம் என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பெயரைப் படித்த பிறகு பட்டது. அதே கார்டில் நானே எழுதிய தகப்பன் பெயர்தான் ஞாபகத்துக்கு வரவில்லை.

கங்காணி பெயர் எழுதியிருந்தபோது அது வெறும் அடையாளம் என்று அந்த அம்மாவுக்கே பாடம் எடுத்தவன் நான். அதே கட்டத்தில் வெள்ளைக்காரப் பெயர் வந்ததும் ரத்தம் என்று படித்தேன். எவ்வளவு பெரிய மடையன் என்று பாருங்கள். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

அன்றைக்கே நான் ஃபாக்டரி கேட்டுக்கு ஓடினேன். ஷிஃப்ட் விடுகிற நேரம். ஐம்பது, அறுபது பேர் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லாட்டரி விழுந்த சேதியைச் சொல்கிறவன் போல அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பெரியவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஐயா, எங்கம்மை அப்படிப்பட்டவ இல்லய்யா."

"நான் சொல்லலீங்க பெரியவரே. சர்ச்சுப் புஸ்தகத்துல இங்கிலீசுல எழுதியிருக்குதுங்க. அது பொய் சொல்லுமுங்களா?"

சுற்றி நின்றவர்களில் யாரோ, அதானே பார்த்தேன், மூஞ்சியே சொல்லுதே என்றார். இன்னொருவர் சிரித்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு சந்தோஷம் காட்டுகிறாரா பார் என்று நினைத்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க, செத்துப்போன பொம்பளையப் பத்தி இப்ப எதுக்குங்க? அவ எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாளா?"

உனக்கு என்ன தெரியும், இது சரித்திரம் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் எட்டாவதுதான் படித்தவள். காபியை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் பெரியவரை கெஸ்ட் ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றவரை, மேனேஜர் சொல்லிவிட்டார் என்று மிரட்டித்தான் கூட்டிப்போனேன். அந்த அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெரியவர் கட்டை போல நின்றார். போட்டோ எடுத்தார்கள். சுருளை விரித்து, அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பெரியவரின் பெயரை எழுதச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். என் அழகான கையெழுத்தில் எழுதினேன். பெயருக்குப் பின்னால் அந்தக் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பதிவேட்டில் கண்டபடி இன்னார் இன்ன துரையின் மகன் என்று இங்கிலீஷில் ஒரு தாள் டைப் அடித்தேன். பதிவேட்டில் மகன் என்ற வார்த்தையே இல்லை, அது என் கைச்சரக்கு. ஆபீஸ் சீல் போட்டு, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினேன். ஒன்று அந்த அம்மாவுக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று பெரியவருக்கு. இதை வைத்திருங்கள், ஒரு நாள் உதவும் என்று அவர் கையில் திணித்தேன். ரிட்டயர் ஆனதும் சீமையிலிருந்து ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு கணக்கு எனக்கு. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படித்துச் சொல்லுங்கள் என்று கூடக் கேட்கவில்லை.

அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேச்சு மட்டும் போகவில்லை. பெரியவரைக் கண்டால் பொடிசுகள்கூட சலாம் தொரை என்று கும்பிடு போட்டார்கள். கேட்டில் கொழுந்து லாரிக்காரன் ஹாரன் அடித்து, தொரை, கேட்டைத் திறங்க என்றான். அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறப்பார். அவருடைய பெண்டாட்டி தண்ணீர்க் குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு நாள் பெரியவரின் பங்காளி பையன் ஒருவன் ஆபீசுக்கு வந்தான். பெரியவருடைய சித்தப்பாவின் பேரன், கீழ் டிவிஷனில் மருந்து அடிக்கிற வேலை. முகமெல்லாம் சிரிப்பு. எங்க பெரியப்பாவப் பத்தி ஏதோ பெரிய தாள் எழுதியிருக்கீகளாமே, எங்களுக்கும் ஒண்ணு குடுங்கய்யா, ஊர்ல காட்டணும் என்றான். எனக்கு நெஞ்சு விடைத்துவிட்டது. உட்கார வைத்து, இன்னொரு பிரதி அடித்து, சீல் போட்டு, வரிவரியாகத் தமிழில் அர்த்தமும் சொல்லிக்கொடுத்தேன். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். மடிப்பு விழாமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போனான்.

எஸ்டேட்டில் ஒரு விதி உண்டு. ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாராவது பேர் பதிந்து வேலை செய்தால் இருக்கலாம். பெரியவருக்கு ஒரே மகள். அவளையும் வேறு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதனால் ரிட்டயர் ஆனதும் அவர் ஊருக்குத்தான் போக வேண்டும். சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமம். அவருடைய அப்பா மலைக்கு வருவதற்கு முன்பு இருந்த வீட்டில் அவருக்கு ஒரு பாகம் இருந்தது. ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும். நாற்பது வருடமாக, குலசாமி கோயில் கொடைக்கு வருஷா வருஷம் போகும்போதெல்லாம் அந்தப் பாகத்துக்கு அவரே ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டு வருவார். கேட்டில் டீ குடிக்கும்போது அவர் பேசுவதெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான். தாழ்வாரத்தில் கட்டில் போட்டால் வேப்பமரக் காற்று எப்படி வரும் என்று நாலு வருடத்தில் நானே நூறு தடவை கேட்டிருப்பேன்.

ரிட்டயர் ஆவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கொடை வந்தது. பெண்டாட்டியோடு போனார். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தவர் நாலாவது நாளே திரும்பி வந்துவிட்டார். நேராக ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். மழையில் நனைந்திருந்தார். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பங்காளிக வரிசையில என்ன நிக்க விடலய்யா. தொரை மகனுக்கு எங்க சாமிகிட்ட என்ன சோலின்னு கேட்டுட்டாவ. வீடும் இல்லன்னுட்டாவ. நீங்க அந்தப் பயலுக்குக் குடுத்த தாளத்தான் பஞ்சாயத்துல வாசிச்சாவ."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். இன்ன தேதி, இன்ன நேரம் லோடு வந்தது என்று ரிப்போர்ட் சொல்கிற மாதிரி சொன்னார். பெண்டாட்டியைச் சாமி கும்பிடக் கோயிலுக்குள் விட்டார்களாம், இவரை வெளியே நிறுத்திவிட்டார்களாம். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, நானும் வேண்டாம் என்று இவரோடு வெளியே வந்து நின்றுவிட்டாளாம். சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதிவை மறுபடி பார்க்க வேண்டும், ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பாதிரியாரிடம் ஓடிப்போய்ச் சாவி வாங்கினேன். பெட்டியைத் திறந்து, அதே புத்தகம், அதே பக்கம். வாசித்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த பக்கத்திலேயே இருந்தது. பங்களா சமையல்காரனுக்குப் பெண் பிறந்த பதிவு. அவனே வந்து சொல்லியிருக்கிறான், அதனால் பெற்றோர் கட்டத்தில் அவன் பெயர் மட்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் துரையின் பெயர். இரண்டு பக்கம் தள்ளிக் குதிரைக்காரனின் பிள்ளை, அதே குடும்பப் பெயர். சாவுப் பதிவில் பங்களாத் தோட்டக்காரன், வயது அறுபது, அதே குடும்பப் பெயர். துரை சாகும்போது அவருக்கு முப்பத்தெட்டு. அறுபது வயதுத் தோட்டக்காரன் அவருக்கு எப்படி மகனாவான்? பங்களா வேலைக்காரர்களுக்குக் கங்காணி கிடையாது, அவர்கள் துரையின் ஆட்கள். கங்காணி ஆளுக்குக் கங்காணி பெயர், பங்களா ஆளுக்குத் துரை பெயர். யார் வந்து பிறப்பைச் சொன்னார்களோ அவர்கள் பெயர் மட்டும் பெற்றோர் கட்டத்தில். அந்தக் குமாஸ்தா செய்தது இவ்வளவுதான். நான் தினம் காலையில் செக்ரோலில் செய்கிற அதே வேலை.

அந்த இடத்திலேயே என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். வேறு எவனாவது ஊரிலிருந்து வந்தவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் எனலாம். தெரிந்தவன் நான். வெள்ளைக்காரப் பெயரைப் பார்த்ததும் தெரிந்தது எல்லாம் மறந்துபோனது. அந்த ஆயாவின் புருஷன், பெரியவரின் அப்பா, தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்திருப்பான், இவள் வந்து பிள்ளை பிறந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவ்வளவு எளிய விஷயத்தை நான் அசிங்கமாக்கி, சீல் போட்டு, ஊர் ஊராக அனுப்பிவிட்டேன்.

இந்தப் பதிவுகளை எல்லாம் நகல் எடுத்து, முன்பு கொடுத்தது தப்பு என்று புதிதாக ஒரு தாள் அடித்து மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, அந்த அம்மா கம்பெனிப் பெரியவர்களுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார், இப்போது போய்த் தப்பு என்று சொல்லச் சொல்கிறாயா, லைன் சண்டையில் ஆபீசை இழுக்காதே என்றார். சீல் போட முடியாது என்றுவிட்டார். நானே திருட்டுத்தனமாகப் போட்டிருக்கலாம். வேலைக்குப் பயந்தேன். உள்ளதைச் சொல்வதென்றால் அதுதான்.

சீல் இல்லாத தாளை எடுத்துக்கொண்டு போடி, தேனி வழியாக இரண்டு நாள் பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பெரியவரிடம் சொல்லவில்லை. பங்காளிகள் மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கங்காணி பெயர், துரை பெயர், அறுபது வயதுத் தோட்டக்காரன். பேசி முடித்ததும் அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"அன்னைக்கு எழுதுனதும் நீங்கதான், இன்னைக்கு எழுதுறதும் நீங்கதான். இதுல எதய்யா நம்பச் சொல்லுதீக? அதுலயாவது சீல் இருக்கு."

அவர் பின்னால் அந்தத் தாழ்வாரம் தெரிந்தது. அதில் ஏற்கனவே புதிதாகத் தட்டி வைத்து அடைத்து, பருத்தி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும் என்றே எனக்குப் பட்டது. தெரிந்து என்ன, அவர்களுக்குத் தேவையானதை நான் எழுதிக் கொடுத்தாயிற்றே.

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. நீங்கள் மனதை வருத்திக்கொள்ள வேண்டாம், பழைய பதிவேடுகளில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் எங்கள் உறவினர்கள் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அன்பாகத்தான் எழுதியிருந்தார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் விலாசத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. மேலே பெரியவரின் பெயர், அதன் பின்னால் அந்தக் குடும்பப் பெயர். வாங்கிக்கொள்ள அவர் அங்கே இல்லை. லைன் வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் வேறொரு குடும்பத்தைக் குடிவைத்து, பேரேட்டில் எழுதினவனும் நானே.

வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காவலுக்கு இருக்கிறார் என்று அவருடைய மகள் சொல்லித் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். காயவைக்கும் கூடத்தை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. அதில்தான் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பெரியவர் வாங்கய்யா என்று கூப்பிட்டு, தான் உட்கார்ந்திருந்த சாக்கை உதறிப் போட்டார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் விட்டதைச் சொன்னேன். ஊருக்குப் போனதையும் சொன்னேன். உங்கள் அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் தப்பாகப் படித்தேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சீல் இல்லாத அந்தத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். வேறு என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள், மேனேஜர் மாறியதும் சீல் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் தாளை வாங்கவில்லை.

"வீடு போனது போட்டும்யா. அன்னைக்கு கேட்டுல வச்சு நீங்க சொன்னீகல்லா, அன்னைக்குப் பூரா எங்கம்மை மூஞ்சிய நெனச்சு நெனச்சுப் பாத்தேன். இருக்குமோன்னு சந்தேகப்பட்டு. அந்த வருசம் எங்கப்பனுக்குப் படையலும் போடல. மேல போனா, ஏலே, பெத்த என்னையவாலே சந்தேகப்பட்டன்னு அவ கேப்பாள்லா? அதுக்கு எந்தத் தாளக் காட்டச் சொல்லுதீக?"

அவரே எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் கட்டங்காபி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாள் அதற்கப்புறமும் பல வருடம் என் டிராயரில் கிடந்தது.

எனக்கு இப்போது அந்தப் பெரியவரின் வயது தாண்டிவிட்டது. உறவினர்கள் பத்திரத்தையோ பழைய கடிதத்தையோ தூக்கிக்கொண்டு வந்து, நீங்கள் படித்தவர், இது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கண் சரியில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஒரு மனிதனை அவனைப் பெற்றவளிடமே தலைநிமிர முடியாமல் செய்துவிட்ட படிப்பு என்னுடையது, அதைப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.